அனுமதி பெறாத இரக்கம்

லண்டனில் இரக்கத்துக்கென்று தனியாக ஒரு துறையும், அந்தத் துறைக்கு ஒரு மாடியும், அந்த மாடிக்கு ஒரு கோப்பி மெசினும் வைத்திருக்கும் நிறுவகம் ஒன்று உண்டு. பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள். ஆகவே நிறுவகம் என்றே சொல்லிக்கொள்வோம். தோலில் வரும் படர்தாமரைக்குப் பூசுகிற களிம்புகளை மிருகங்களில் பரிசோதிப்பது அதன் தொழில். மேல்மாடிகள் முழுக்கக் கண்ணாடி. மிருகங்கள் இருப்பது நிலத்துக்குக் கீழே. அங்கே ஜன்னல் இல்லை. வெளிச்சம் அதிகம் தேவைப்படுவது மேலே இருப்பவர்களுக்குத்தான் என்று அவர்களே ஓர் ஆய்வு செய்து கண்டுபிடித்திருந்தார்கள்.

வரவேற்பறைச் சுவரில் சலவைக்கல் பலகை ஒன்று பதித்திருந்தது. 'எமது சின்னஞ்சிறு சகபணியாளர்களுக்கு நன்றியுடன்' என்று அதில் பொன்னெழுத்து. வருடத்தில் ஒருநாள் நன்றி நாள். அன்று பணிப்பாளர் டொக்டர் பெல்லமி கழுத்தில் கறுப்பு ரை கட்டிக்கொண்டு வந்து பேசுவார், எல்லோரும் தலைகுனிந்து மௌனம் காப்பார்கள், பிறகு கினிப்பன்றி வடிவில் செய்த கேக்கை வெட்டிச் சாப்பிடுவார்கள். எந்தப் பக்கத்தில் கத்தி வைப்பது என்பதில் மட்டும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தயக்கம் வரும். கீழே வேலை செய்கிறவர்களுக்குக் கேக் இல்லை. உடுப்பில் மிருக மயிர் ஒட்டியிருப்பதால் அவர்கள் மேலே வரக்கூடாது என்பது சுகாதார விதி.

அப்படிக் கீழே வேலை செய்கிறவர்களில் ஒருவர் பெனடிக்ற். வட லண்டன் எட்மண்டனில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர். பெற்றோல் ஸ்டேஷன், சுப்பர்மார்க்கெட், முதியோர் இல்லம் என்று இந்த ஊர் அகதிகளுக்கு விதித்த பாதையை ஒழுங்காக நடந்து முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். கினிப்பன்றியின் முதுகில் கொஞ்ச இடத்து மயிரை மழிக்க வேண்டும். சொரசொரத்த தாளால் தோலை உரச வேண்டும். அதன் மேல் படர்தாமரைப் பூஞ்சணத்தைத் தடவ வேண்டும். சில நாளில் தோல் சிவந்து, செதில் கட்டி, அந்தப் பிராணி சொறிந்து சொறிந்து தவிக்கத் தொடங்கும். அதன் பிறகு ஒரு கூட்டத்துக்கு மருந்துக் களிம்பு, ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு, ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. எது ஆறுகிறது, எது ஆறவில்லை என்று பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் ஆறினது, ஆறாதது என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். அந்த இடத்தில் நிறுவகம் சமத்துவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தது.

அந்தக் கடைசி நாளில்தான் பெனடிக்ற் ஒரு காரியம் செய்து வந்தார். வீட்டை விட்டுப் புறப்படுகிற பிள்ளைக்கு வாசலில் வைத்து நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடம் போனாலும் போடுவார்கள், பிளேன் ஏறினாலும் போடுவார்கள், சாகக் கிடந்தாலும் போடுவார்கள். கூண்டில் இருந்து எடுத்துக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கினிப்பன்றியின் நெற்றியிலும் பெனடிக்ற் அதே சிலுவையைப் போட்டார். பெயரில் பன்றி, உருவத்தில் எலி, ஆனால் முகத்தைப் பார்த்தால் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகள் மாதிரி இருக்கின்றனவே என்று அவருக்கு ஒரு பரிதாபம். றப்பர் கையுறையோடு போட்ட சிலுவை செல்லுமா என்ற சந்தேகம் வேறு. பங்குத்தந்தையிடம் கேட்க வெட்கப்பட்டு, பிழை வேண்டாம் என்று கையுறையைக் கழற்றிவிட்டே போட்டார்.

கருணைக்கு இந்த உலகத்தில் என்ன கிடைக்குமோ அது அவருக்கும் கிடைத்தது. வலக்கைப் பெருவிரலில் வட்டமாகச் சிவந்து படர்தாமரை வந்தது.

முதலில் அவர் கவலைப்படவில்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். கேட்கவில்லை. இன்னொன்று வாங்கினார், அதுவும் கேட்கவில்லை. கேட்காததில் ஆச்சரியம் இல்லை. கடைக் களிம்பு ஒன்றுக்கும் மசியாத பூஞ்சணமாகப் பார்த்துத்தான் நிறுவகம் அதை வளர்த்து வைத்திருந்தது. குடும்ப டொக்டரிடம் போனார். "என்ன வகைப் பூஞ்சணம் என்று உங்கள் நிறுவகத்திடம் கேட்டு வாருங்கள்," என்றார் டொக்டர். அது வியாபார இரகசியம் என்றது நிறுவகம். அப்படியானால் பொறுத்திருந்து பார்ப்போம் என்று டொக்டர் கதவைக் காட்டினார்.

பொறுத்திருக்க நேரம் இல்லை. மகள் துசியந்திக்கு அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. ஈஸ்டர் கழிய ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் வேறு யாரும் இல்லை, பிள்ளையின் அம்மப்பா பெனடிக்ற்தான் என்று குடும்பமாக முடிவு செய்திருந்தார்கள். ஞானஸ்நானத்தின் தொடக்கத்தில் பங்குத்தந்தை குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைவார். அடுத்து தாய் தகப்பன். அதற்கு அடுத்து ஞானத்தாயும் ஞானத்தகப்பனும். பேத்தி பிறந்த நாளில் இருந்து பெனடிக்ற் அந்த ஒரு கணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். துசியந்தி அவருடைய விரலைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை மறுபக்கத் தோளுக்கு மாற்றினாள்.

"அப்பா, கோவிக்காதேங்கோ. அந்தப் புண் மாறுமட்டும் பேபியைத் தூக்காதேங்கோ. அவவுக்கு ஸ்கின் சரியான சென்சிற்றிவ்."

"நான் தூக்கேல்லை மேள். தூர நிண்டு பாக்கிறன்."

"ஞானஸ்நானத்துக்குள்ள மாறாட்டி கொட்வினின்ர அண்ணையைத்தான் கேக்கவேணும்."

கொட்வின் மருமகன். அவனுடைய அண்ணைக்குப் பூசையில் கூட போனைப் பார்க்கிற பழக்கம். பெனடிக்ற் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் நிறுவகத்தில் விஷயத்தைச் சொன்னார். இரக்கப் பண்பாட்டுத் துறையின் தலைமை அதிகாரியிடம் அனுப்பினார்கள். சென்னையில் படித்து வந்த லக்ஷ்மிப்ரியா. மென்மையான குரல். மேசையில் கினிப்பன்றியின் வண்ணப்படம், சட்டம் போட்டு.

"வாங்க பெனடிக்ட் சார். சொல்லுங்க, நான் கேக்கிறேன். கேக்கிறதுதான் என் வேலையே."

பெனடிக்ற் விரலைக் காட்டினார். "மிஸ், இது இஞ்ச இருந்துதான் தொத்தினது."

"வாய்ப்பே இல்ல சார். இங்க ஊழியர்களுக்குத் தொற்று வர்றதே கிடையாது. அதுக்கு நாம தங்கச் சான்றிதழ் வாங்கியிருக்கோம். லிஃப்ட் பக்கத்துல மாட்டியிருக்கு, பாத்திருப்பீங்களே."

"எனக்கு வந்திருக்குத்தானே மிஸ்."

"உங்களுக்கு வந்திருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இங்க வரல. பஸ்ல வர்றீங்க இல்ல? பஸ்ல என்னென்னமோ இருக்கும்."

பெனடிக்ற்றுக்கு வாதாடத் தெரியாது. ஆனால் ஞானஸ்நானம் இருக்கிறதே என்று விடாமல் நின்றார். கடைசியில் விரலில் இருந்து ஒரு செதிலைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அச்சொட்டாக நிறுவகத்தின் பூஞ்சணமேதான். இனி மருந்து தருவார்கள் என்று பெனடிக்ற் சந்தோசப்பட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, மேல்மாடிக் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. அவருடைய உடுப்பில் இருந்த மயிரை உருளை ஒன்றால் ஒற்றி எடுத்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

டொக்டர் பெல்லமி எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்திருப்பவர்களிடமும் எழுந்து நின்றே பேசுவது அவர் பழக்கம்.

"நண்பர்களே, ஒரு கவலையான செய்தி. எமது வாடிக்கையாளர் நிறுவனத்துக்குச் சொந்தமான, பல வருடம் பாடுபட்டு வளர்த்தெடுத்த பூஞ்சணம் ஒன்று, எந்த ஒப்பந்தமும் இல்லாமல், இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போயிருக்கிறது. தினமும் எட்மண்டன் வரை பஸ்ஸில் போய் வருகிறது. திரு பெனடிக்ற் அதைத் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை வைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்கிறேன்."

"ஐயோ சேர், எனக்கு இது வேண்டாம். நீங்களே எடுங்கோ. கீழ கினிப்பன்றியளுக்குப் பூசுற அந்தக் களிம்பில கொஞ்சம் தந்தால் போயிடும். நான்தானே பூசுறனான். எப்பிடி ஆறுது எண்டு என்ர கண்ணால கண்டனான்."

கூட்டத்தில் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். டொக்டர் பெல்லமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"மனிதரில் பரிசோதிக்காத ஒன்றை மனிதரில் பூசுவதா? திரு பெனடிக்ற், மனித உடல் எமக்குப் புனிதமானது. உங்கள் உடலும்தான். அதில் எமது களிம்பு படுவதை நான் உயிரோடு இருக்கும் வரை அனுமதிக்கமாட்டேன். அந்தப் பூஞ்சணம் இருப்பது வேறு விஷயம். அது முன்பே அங்கே இருக்கிறது."

"எப்ப சேர் மனிசரில பரிசோதிப்பியள்?"

"மிருகங்களில் பலன் கிடைத்த பிறகு."

"மிருகங்களுக்குத்தான் மாறீட்டுதே."

"மிக்க மகிழ்ச்சி. அதைக் கொண்டாட ஒரு மாலைநேர விருந்து ஒழுங்கு செய்திருக்கிறோம்."

அடுத்த கூட்டம் விசாரணைக் கூட்டம். கையுறை போட்ட விரலில் எப்படித் தொற்று வந்தது என்பது கேள்வி. பெனடிக்ற் பொய் சொல்லிப் பழகாதவர். கடைசி நாளில் கையுறையைக் கழற்றிச் சிலுவை போட்டதைச் சொல்லிவிட்டார். யாராவது மனம் இளகுவார்கள் என்று பார்த்தால், புள்ளிவிபரக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எல்லா மிருகங்களுக்குமா?"

"ஓம் சேர். ஓரவஞ்சனை ஏன்?"

"ஐயோ, அதுதான் பிரச்சினை. சிலுவை போடாத கூட்டம் என்று ஒன்றுகூட இல்லையே! எதோடு ஒப்பிடுவது? இத்தனை வருட முடிவிலும் ஆசீர்வாதத்தின் பங்கு எவ்வளவு, களிம்பின் பங்கு எவ்வளவு என்று இனி யார் சொல்வது?"

இறந்துபோகிற நாளில் போட்ட சிலுவை அதற்கு முந்திய புண்ணை எப்படி ஆற்றும் என்று பெனடிக்ற்றுக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் சொன்னால் ஏதோ இருக்கும் என்று விட்டுவிட்டார். சட்ட ஆலோசகர் அந்த மிருகங்களின் மதம் என்ன என்று விசாரித்தீர்களா, சம்மதம் பெற்றீர்களா என்று கேட்டார். கடைசியில் லக்ஷ்மிப்ரியா பேசினார்.

"பெனடிக்ட் சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மனசு நல்ல மனசு. ஆனா இரக்கம்ங்கிறது இங்க ஒரு நடைமுறை. அதுக்கு ட்ரெய்னிங் இருக்கு, பொறுப்பான ஆள் இருக்கு. ஆளாளுக்கு அவங்கவங்க இஷ்டத்துக்கு இரக்கப்பட ஆரம்பிச்சா இந்த எடம் என்னாகும் சொல்லுங்க? நீங்க செஞ்சது அனுமதி பெறாத இரக்கம்."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கூண்டு கழுவுகிற வேலைக்கு மாற்றினார்கள். முதல்நிலை இரக்கப் பயிற்சியில் தேறினால் மட்டும் மறுபடி மிருகங்களைத் தொடலாம் என்றார்கள். பயிற்சியின் முடிவில் வாய்மொழிப் பரீட்சை.

"ஒரு மிருகம் வலியில கத்துது. நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"பாவம் எண்டு தூக்கி மடியில வைப்பன்."

"தப்பு சார். மொதல்ல நேரத்தப் பாப்பீங்க. எத்தன மணிக்குக் கத்துச்சுன்னு ரிப்போர்ட்ல வரணும். அடுத்தது, அது தொடர்ந்து கத்தினா?"

"ஆரையாவது கூப்பிடுவன்."

"எவ்ளோ சத்தமா கத்துதுன்னு நம்பர் போடுவீங்க. கடைசியா ஒண்ணு. மருந்து கையில இருக்கு, ஆனா அந்த மிருகம் மருந்து பூசாத கூட்டம். உங்க மனசு கேக்கல. என்ன செய்வீங்க?"

"தெரியேல்லை மிஸ்."

"தெரியலைன்னா ஃபெயில் போட வேண்டியதா இருக்கு சார். சாரி."

இரக்கத்தில் தோற்ற முதலாவது ஆள் என்று கீழே கொஞ்ச நாள் பகிடி நடந்தது. இதற்குள் மேலே வேறு ஒரு காரியம் நடந்தது. ஆளைத்தான் தண்டித்தார்கள், அவர் செய்த காரியத்தை விட மனம் வரவில்லை. நெற்றியைப் பெருவிரலால் தொடுவது மிக அழகான யோசனை என்று குழு முடிவு செய்தது. சிலுவையை எடுத்துவிட்டார்கள், கையுறையைச் சேர்த்தார்கள், 'மரியாதைத் தொடுகை' என்று பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்தவர் டொக்டர் பெல்லமி. பயிற்சியில் தேறியவர்கள் மட்டும் கொல்லும் முன் கையுறை விரலால் நெற்றியை ஒரு முறை தொட வேண்டும். அதற்கு ஒரு பெரிய விருது கிடைக்கும் என்ற பேச்சு அடிபட்டது. பெனடிக்ற் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கூண்டு கழுவிக்கொண்டே அதைப் பார்த்தார். தொடுகிறவர்கள் ஒருவரும் கினிப்பன்றியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே கமரா இருந்தபடியால் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

விருதுக் குழுவை மயக்க இன்னொரு திட்டமும் வந்தது. ஆய்வு முடிந்த கினிப்பன்றி ஒன்றைக் கொல்லாமல், அன்பான வீடு ஒன்றுக்குத் தத்துக் கொடுப்பது. மருந்தே பூசாத கூட்டத்தில் இருந்து ஒன்றைத் தெரிவு செய்தார்கள். பரிதாபம் கூடுதலாகத் தெரியுமாம். முதுகுப் புண் ஆறுவதற்கு ஒரு ரியூப் களிம்பு அன்பளிப்பு.

ஒரு ரியூப் களிம்பு. அந்த வரியை அறிவித்தல் பலகையில் வாசித்த கணத்திலேயே பெனடிக்ற் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். ஞானஸ்நானத்துக்குச் சில கிழமைகளே இருந்தன. மற்ற ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. படர்தாமரை உள்ள மிருகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அங்கே வேலை செய்கிற எவருக்கும் விருப்பம் இல்லை.

வீட்டைப் பார்வையிட லக்ஷ்மிப்ரியா எட்மண்டனுக்கே வந்தார். பெனடிக்ற்றின் மனைவி றோஸ்மலர் தேத்தண்ணியும் மீன் றோல்சும் வைத்தார். லக்ஷ்மிப்ரியா சுற்றிப் பார்த்தார்.

"கினிப்பன்றியோட ரூம் எது?"

"தனி றூமோ?" றோஸ்மலர் வாயைப் பொத்தினார். "எங்களுக்கே ஒரு றூம்தான் பிள்ளை."

"சரி, ஹால்ல வெச்சுக்கலாம். ஆனா இந்தச் சுவர் ஏன் கறுப்பா இருக்கு?"

"ஈரப் பங்கஸ். நாங்கள் இஞ்ச வந்த காலத்தில இருந்து இருக்கு. இவருக்கும் எனக்கும் மாறாத இருமல். வீடு தந்த கவுன்சிலுக்குப் போன் அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனம். ஜன்னலைத் திறந்து வைக்கட்டாம்."

லக்ஷ்மிப்ரியாவின் முகம் சிவந்தது. உண்மையான கோபம். "இந்தக் காத்த ஒரு விலங்கு எப்படிங்க சுவாசிக்கும்? நான் பேசுறேன்."

பேசினார். மிருகநலன் என்ற சொல்லைக் கேட்டதும் கவுன்சிலில் இருந்து ஆட்கள் பறந்து வந்தார்கள். அந்தக் கிழமையே சுவரைச் சுரண்டி, மருந்தடித்து, வெள்ளை பூசினார்கள். றோஸ்மலர் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது தெரிஞ்சிருந்தா முந்தியே ஒரு எலியை வளர்த்திருக்கலாம்," என்றார்.

கினிப்பன்றி வந்து சேர்ந்தது. மண்ணிறமும் வெள்ளையும் கலந்த சிறிய பிராணி. முதுகில் மழித்த இடம் ரத்தச் சிவப்பு. வந்ததில் இருந்து பின்காலால் சொறிந்துகொண்டே இருந்தது. றோஸ்மலர் அதற்குச் சின்னவன் என்று பெயர் வைத்துக் கொத்தமல்லித் தண்டு போட்டார். ரியூப் பெனடிக்ற்றின் சுண்டுவிரல் அளவு. அந்த மருந்து எவ்வளவு காலம் பூசினால் ஆறும் என்று அவருக்குத் தெரியும். ஒரு புண்ணுக்குத்தான் அது போதும்.

"பாதி எனக்கு, பாதி இவனுக்கு," என்றார்.

"பாதி பாதி பூசினா ரெண்டு பேருக்கும் மாறாது. பிறகு சேர்ந்திருந்து சொறியுங்கோ." றோஸ்மலர் ரியூப்பை எடுத்து அவருடைய கையில் வைத்தார். "இஞ்சேருங்கோ, இது எங்கட பேத்தியின்ர விஷயம். அவன் ஒரு மிருகம்தானே."

எல்லோருக்கும் வாயில் வருகிற சொல்தான். நிறுவகம் அந்தச் சொல்லின் மீதுதான் மாடி மாடியாக எழும்பி நிற்கிறது. பெனடிக்ற்றும் அதைப் பற்றிக்கொண்டார். களிம்பு முழுவதையும் தன் விரலுக்குப் பூசினார். பூசும்போது குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய் நின்று பூசினார். கூண்டில் இருந்து பார்த்தால் குசினி தெரியாது.

களிம்பு நல்ல களிம்பு, அதைச் சொல்லத்தான் வேண்டும். வட்டம் சுருங்கியது, செதில் உதிர்ந்தது, கீழே புதுத்தோல் வந்தது. சின்னவனுக்குப் புண் விலாவுக்குப் படர்ந்தது. பெனடிக்ற் தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தார், ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசிக் கிழமையில் அது சொறிவதையும் விட்டுவிட்டு மூலையில் ஒண்டிக்கொண்டது. அவர் வேலையால் வந்தால் முதலில் ரிவியைப் போடத் தொடங்கினார், சத்தமாக.

ஞானஸ்நானம் சிறப்பாக நடந்தது. பங்குத்தந்தை குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தார், துசியந்தியும் கொட்வினும் வரைந்தார்கள். பெனடிக்ற் முன்னால் வந்தார். துசியந்தி அவருடைய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. பஞ்சு மாதிரி அந்தச் சின்ன நெற்றியில் பெருவிரலை வைத்து மேலிருந்து கீழாக ஒன்று, இடமிருந்து வலமாக ஒன்று இழுத்தார். பேத்தி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். பெனடிக்ற் அழுதுவிட்டார். எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். அதில் பாதி ஆனந்தம்தான்.

அடுத்த நாள் லக்ஷ்மிப்ரியா பின்பார்வைக்கு வந்தார். றோஸ்மலர் வேலைக்குப் போயிருந்தார். பெனடிக்ற் கதவைத் திறந்தவுடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மிஸ், நான் பெரிய பிழை விட்டிட்டன். களிம்பை நான்தான் பூசினனான். அவனுக்கு ஒரு சொட்டும் பூசேல்லை. பாருங்கோ எப்பிடிக் கிடக்கிறான் எண்டு. பொலிசுக்குச் சொல்லுறதெண்டாலும் சொல்லுங்கோ. வேலையால நிப்பாட்டுறதெண்டாலும் சரி. ஆராவது என்னை ஏசினாத்தான் எனக்கு நித்திரை வரும்."

லக்ஷ்மிப்ரியா கூண்டைப் பார்த்தார். அவருடைய விரலைப் பார்த்தார். மறுபடி கூண்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து டொக்டர் பெல்லமியோடு நெடுநேரம் பேசினார். பேசப் பேச அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பெனடிக்ட் சார், நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. ஒரே பூஞ்சணம், ஒரே வீடு, ஒரே காத்து. ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்கு இல்ல. இவ்ளோ சுத்தமா எங்க ஆளுங்களே செஞ்சதில்ல. டைரக்டர் சார் குதிக்கிறாரு. மனுஷங்க மேல வேலை செய்யுதுன்னு மொதல் சாட்சி உங்க விரல்தான்."

"நான் கள்ளமாப் பூசினது மிஸ்."

"அதெல்லாம் பழைய தேதி போட்டு அனுமதி குடுத்துட்டாங்க."

"அவன் வேதனைப்பட்டவன். நான் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

"அதத்தான் சொல்றேன். பாத்துட்டே இருந்தீங்க இல்ல? மனசு கேக்கல, மருந்து கையில இருந்துச்சு, இருந்தும் பூசல. போன தடவ அந்தக் கேள்விக்குத்தான் பதில் தெரியலைன்னீங்க." பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பெனடிக்ற்றின் பெயரை அந்த இடத்திலேயே எழுதிக் கையொப்பம் போட்டார். "முதல்நிலை இரக்கம், பாஸ். வாழ்த்துக்கள் சார். நாளையில இருந்து மறுபடி மிருகங்களோடயே வேலை செய்யலாம்."

சான்றிதழில் நிறுவகத்தின் முத்திரையும், ஒரு கையில் உட்கார்ந்திருக்கும் கினிப்பன்றியின் படமும் இருந்தன. லக்ஷ்மிப்ரியா சின்னவனைத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். அது எதிர்க்கவில்லை.

"எங்க கொண்டு போறியள்?"

"ரிசல்ட் எடுக்கணும் இல்ல, தோல் சாம்பிள் எல்லாம். ஆய்வு முடிஞ்சிருச்சு, இனி மத்ததுங்களுக்கு மாதிரிதான்." வாசல் வரை போனவர் ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பிப் பையில் இருந்து ஒரு சோடி கையுறையை எடுத்து நீட்டினார். "சார், இப்ப உங்களுக்குத் தகுதி இருக்கு. தொடணும்னா தொடலாம்."

பெட்டியின் மூடி திறந்து இருந்தது. உள்ளே இருந்து சின்னவன் அவரையே பார்த்தது. பெனடிக்ற் வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வேண்டாம் மிஸ்," என்றார். "நீங்களே தொடுங்கோ."